ஆர்வின் வண்டிக்கு ஒதுக்கிய இடம்

ஸ்டாவ்ரோஸின் பான்கேக் கடை வாசலில், பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு நேர் எதிரே வண்டி நிறுத்தும் கட்டத்தில், பிப்ரவரி மாதத்திலிருந்து ஓர் ஆரஞ்சுக் கூம்பு நின்றுகொண்டிருந்தது. சாலை போடுகிறவர்கள் மறந்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று ஊரில் பலரும் நினைத்தார்கள். அதை அங்கே வைத்தவள் லவான் ஜெஸ்கி. ஏன் வைத்தாள் என்பதும் அவளுக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமாவது அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். அதற்குக் காரணமான விஷயம் அக்டோபரிலேயே தெரிந்தும் ஆறு மாதம் வாயைத் திறக்கவில்லை.

லவானுக்கு வயது அறுபத்திரண்டு. அந்தக் கடையில் முப்பத்தொரு வருஷமாகச் சர்வர். ஸ்டாவ்ரோஸின் அப்பா கிரீஸிலிருந்து வந்து, விஸ்கான்சினில் காகித ஆலையை நம்பிப் பிழைக்கும் இந்தச் சின்ன ஊரில் கடை போட்ட காலத்தில் சேர்ந்தவள். அப்பா போய், மகன் அடுப்புக் கல்லுக்கு முன்னால் நிற்க ஆரம்பித்த பிறகும் அவள் அதே கட்டம்போட்ட முன்கச்சையோடு மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் நாலு தட்டு ஏந்துவாள். பாதிரியார், போலீஸ்காரர், பால் பண்ணைக்காரர் எல்லோரும் அவளுக்குக் "கண்ணு"தான். புருஷன் கார்டி இருபது வருஷத்துக்கு முன்னால் கிரீன் பே பக்கம் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தப் போய்விட்டான். அவன் போனதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. போகும்போது நல்ல குளிர்பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனானே என்பதுதான் வருத்தம்.

அந்தக் கடையில் வாடிக்கைக்காரர்கள் யாரும் ஆர்டர் சொல்வதில்லை. வண்டி தெருமுனைச் சிக்னலில் நிற்கும்போதே லவான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிடுவாள். பார்த்ததும் சமையலறைப் பக்கம் திரும்பிப் பெயரை மட்டும் கூவுவாள். பெயர்தான் ஆர்டர். ஆள் உள்ளே வந்து, கோட்டைக் கழற்றி மாட்டி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்காரும்போது தட்டு வந்துவிடும். வாடிக்கைக்காரர் வாயைத் திறந்து கேட்கும்படி ஆகிவிட்டால் அது லவானுக்கு மானக்கேடு. அப்படி நாற்பது, நாற்பத்தைந்து பேருடைய தட்டுகள் அவள் தலைக்குள் இருந்தன.

அதில் முதல் தட்டு ஆர்வின் லுட்கேயுடையது. மோர் ஊற்றிக் கலந்த மாவில் இரண்டு பான்கேக், ஓர் ஆஃப்பாயில், இரண்டு சாசேஜ், வெண்ணெய் தனியாக. ஆர்வின் காகித ஆலையில் நாற்பது வருஷம் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயது. ஊருக்கு வெளியே எட்டு மைலில், வயல்களுக்கு நடுவே தனி வீடு. மனைவி டெலோரஸ் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து இருவருமாக வருவார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் இறந்த பிறகு தினமும் வந்தார். மற்ற நாளில் காலை ஏழு மணி, ஞாயிறு ஒன்பதரை. எப்போதும் ஜன்னலோர மேசை. அவர் வருகிறவரை அதன்மேல் "ஒதுக்கப்பட்டது" என்ற சின்னப் பலகை இருக்கும்.

"வந்துட்டாருய்யா மகாராசா. கம்பளம் விரிக்கட்டுமா?" என்பாள் லவான்.

"விரி. முதல்ல காப்பியை ஊத்து, அப்புறம் விரி" என்பார் அவர்.

அக்டோபரில் லவானுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். இரண்டு நாள் வரவில்லை. பெத் என்கிற பகுதிநேரப் பெண் அவள் இடத்தில் நின்றாள். மூன்றாம் நாள் வீங்கிய கன்னத்தோடு லவான் வந்ததும் பெத் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"உன் ஆளு இருக்காரே, ஆர்வின், நல்ல வேடிக்கை. என்ன வேணும்னு கேட்டேன். மெனுவை எடுத்தாரு. அரைமணி நேரம் படிச்சாரு. தலைகீழாப் பிடிச்சிருந்தாரு லவான்! கடைசில வெறும் காப்பியைக் குடிச்சிட்டு எழுந்து போயிட்டாரு."

"கண்ணாடி போட்டுட்டு வந்திருக்கமாட்டாரு" என்றாள் லவான்.

"போட்டுட்டுத்தான் இருந்தாரு."

லவானும் சிரித்தாள். சிரிக்கும்போது தையல் போட்ட இடம் சுரீரென்றது. அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. ஆர்வின் கடைசியாக எப்போது வாயைத் திறந்து சாப்பாட்டின் பெயரைச் சொன்னார் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. அவர் சொல்லவேண்டிய அவசியமே வந்ததில்லையே. எல்லாம் இவளே செய்து கொடுத்தாயிற்று.

மறுநாள் ஒரு காரியம் செய்தாள். ஆர்வினுக்கு வாஃபிள் என்றால் ஆகாது. பள்ளம் பள்ளமாகக் கிடக்கிற ரொட்டியைத் தின்பவன் பற்களை அடமானம் வைத்தவன் என்று முப்பது வருஷமாகக் கேலி பேசியவர் அவர். வேண்டுமென்றே ஒரு வாஃபிளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, காப்பிக் கெட்டிலோடு பக்கத்திலேயே நின்றாள். அவர் பாகை ஊற்றினார். வெட்டினார். நிதானமாக முழுவதையும் சாப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு, "எப்பவும் போல நல்லா இருந்துச்சு லவான்" என்றார்.

கெட்டில் கையில் கனத்தது. அவள் உள்ளே போய் மாவு மூட்டைகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றாள். பயமாக இருந்தது. எட்டு மைல் வண்டி ஓட்டி வருகிற மனிதர். அந்தச் சாலையில்தான் பள்ளிக்கூடப் பேருந்தும் நின்று நின்று போகும்.

அவள் அன்றைக்கே தொலைபேசியை எடுத்திருக்க வேண்டும். ஆர்வினின் மகள் ஜோலீன் அரிசோனாவில் இருந்தாள். அம்மா செத்த வீட்டில் லவானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் தினமும் அவரைப் பார்க்கறீங்க. ஏதாவது ஒண்ணுன்னா எனக்கு உடனே சொல்லிடுங்க" என்று கேட்டவள். சனிக்கிழமை மதியம் தவறாமல் கடைக்குக் கூப்பிடுவாள்.

ஆனால் லவானுக்கு இதில் ஒரு பழைய காயம் இருந்தது. அவள் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆனது. அவரைப் பற்றி மருத்துவரிடம் சொன்னது லவான்தான். டிராக்டர் சாவியையும் கார் சாவியையும் ஆணியிலிருந்து எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டதும் அவள்தான். அவர் அவளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. முதியோர் இல்லத்தில் சேர்த்த பிறகும் ஒன்றும் சொல்லவில்லை. நாலு மாதத்தில் செத்துப்போனார். மகளோடு ஒரு வார்த்தை பேசாமலே போனார். இன்னொரு கிழவருடைய சாவியைப் பிடுங்க என்னால் ஆகாது என்று லவான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்தாள். அவர் இல்லாத காலை ஏழு மணி எப்படி இருக்கும் என்ற நினைப்பும் அதில் கலந்திருந்தது. அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை.

"அப்பா எப்படி இருக்காரு?" என்று அந்தச் சனிக்கிழமை ஜோலீன் கேட்டாள்.

"நல்லா சாப்பிடறாருடி. தட்டை வழிச்சு நக்காத குறை."

"ஞாபகமெல்லாம் எப்படி? போன்ல ஒரே கதையை ரெண்டு தடவை சொல்றாரு."

"யாருதான் சொல்லல? என் ஞாபகத்துக்கு அவரு ஞாபகம் எவ்வளவோ தேவல."

ஜோலீன் பெருமூச்சு விட்டுச் சிரித்தாள். "நீங்க இருக்கீங்கன்னுதான் நான் இங்க நிம்மதியா தூங்கறேன்" என்றாள்.

டிசம்பரில் ஒருநாள் ஆர்வினின் பிக்கப் வண்டி முன்பக்கம் நசுங்கி வந்தது. மான் அடித்திருக்கும் என்று ஸ்டாவ்ரோஸ் சொன்னான். இந்த ஊரில் மான் அடிக்காத வண்டி உண்டா? ஆர்வின் குனிந்து பார்த்துவிட்டு, "இது எப்ப ஆச்சு?" என்று அவனையே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது லவான் குப்பை கொட்டும் சாக்கில் வெளியே போய் வண்டியைப் பார்த்தாள். மான் ரோமம் இல்லை. முன்கம்பிகளுக்கு இடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீல பிளாஸ்டிக் துண்டு செருகியிருந்தது. பனியில் பிள்ளைகள் உட்கார்ந்து சறுக்கும் தட்டின் விளிம்பு அது. பல்பொருள் கடையில் இந்த வருஷம் அந்த நிறத்தில்தான் விற்றார்கள்.

அவள் அதைப் பிடித்து இழுத்தாள். சுலபத்தில் வரவில்லை. காலை வண்டியில் ஊன்றிப் பிடுங்கியெடுத்து, முட்டை ஓடுகளுக்கு அடியில் குப்பைத் தொட்டியில் அமுக்கினாள். அந்த வாரமும் அடுத்த வாரமும் ஊர்ப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படித்தாள். எந்தப் பிள்ளைக்கும் எதுவும் ஆனதாகச் செய்தி இல்லை. வாசலில் சாத்தி வைத்திருந்த வெறும் தட்டின் மேல் ஏறியிருக்கும், அவ்வளவுதான் என்று முடிவு செய்தாள். முடிவு செய்த பிறகும் நீல நிறத்தில் எதைக் கண்டாலும் நின்று உற்றுப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு கேட்காமலே தட்டு கொண்டுவைப்பதில் காட்டிய சாமர்த்தியத்தை அவள் மற்றதிலும் காட்ட ஆரம்பித்தாள். வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாரா என்று ஆர்வினிடம் தினமும் கேட்டாள். கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தால், கிண்டல் செய்கிற மாதிரி பேசிக்கொண்டே சரியாகப் போட்டுவிட்டாள். அவர் யாரையாவது பெயர் தெரியாமல் விழித்துப் பார்த்தால் அந்த ஆளின் பெயரை முந்திக்கொண்டு கூப்பிட்டாள். ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அவ்வளவு கெட்டிக்காரி.

பிப்ரவரியில் அவர் வண்டியைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தத் தெரியாமல் ஸ்டாவ்ரோஸின் குப்பைத் தொட்டிகளைச் சாய்த்தார். அன்று மதியம்தான் லவான் அந்தக் கூம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தாள். ஜன்னலுக்கு எதிரே உள்ள கட்டம் சாலையிலிருந்து நேர்கோட்டில் இருக்கிறது. திருப்பவே வேண்டாம், நேராக வந்து நேராக நின்றுவிடலாம். வண்டி சிக்னலில் தெரிந்ததும் சமையலறைக்குப் பெயரைக் கூவிவிட்டு, ஓடிப்போய்க் கூம்பை எடுத்துவிடுவாள். அவர் புறப்படும்போது வண்டிக்குப் பின்னால் நின்று கையைக் காட்டி வெளியே அனுப்புவாள்.

"இது எதுக்கு இங்க?" என்று ஸ்டாவ்ரோஸ் கேட்டான்.

"வயசான மனுஷன், பனியில வழுக்கி விழுந்தா நீயா தூக்குவ? வாசலை ஒட்டி நிறுத்தட்டும்."

"ஜன்னலுக்கு முன்னாடி ரெண்டு இரும்புத் தூண் நடணும்னு அப்பா காலத்துலயே பேச்சு. நேரா கண்ணாடிதான் இருக்கு, பார்த்துக்க."

"அறுபது வருஷமா வண்டி ஓட்டறவருக்கு நீ சொல்லித் தர்றியா? கல்லுல புகை வருது, போய் அதைப் பாரு."

அவன் போய்விட்டான். அவள் அந்தக் கண்ணாடியை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் அந்தப் பக்கம் பார்ப்பதையே தவிர்த்தாள்.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு காலை, அவள் பின்னால் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தபோது ஆர்வின் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார். "ஏறு டெலோரஸ், நேரமாச்சு. அங்க நின்னு என்ன பண்ற?" என்றார். குரலில் கோபம் இல்லை. காத்திருந்தார்.

லவான் காட்டிய கையை இறக்கினாள். "நீங்க முன்னால போங்க, நான் வந்துடறேன்" என்றாள்.

"சரி" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அந்தச் சனிக்கிழமை ஜோலீன் கூப்பிட்டபோது லவான் கழிப்பறையில் இருப்பதாகச் சொல்லச் சொல்லிவிட்டாள்.

ஏப்ரலில் இரண்டாவது ஞாயிறு. முதல் பூசை விட்டு எல்லோரும் ஒரேயடியாக வந்து, கடையில் நிற்க இடமில்லை. பெத் ஒரு பக்கம், லவான் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். அவர்களில் வெளியூரிலிருந்து ஏரிக்குப் போகிற வழியில் நின்ற ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். நாற்பது நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, அந்தப் பெண் நேராகப் போய் ஜன்னலோர மேசையின் பலகையை நகர்த்தி வைத்துவிட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்தாள். அவள் பெயர் ஹெதர் என்று பிறகு தெரிந்தது. பிள்ளைகள் வண்ணக் குச்சிகளை மேசையில் கொட்டி வரைய ஆரம்பித்துவிட்டார்கள். கடைசிப் பெண், நாலு வயதிருக்கும், நெற்றியைக் கண்ணாடியில் வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லவான் போனாள். "கண்ணு, இது வேற ஒருத்தருக்கு வெச்சிருக்கு. எழுந்துக்கணும்."

"யாரு? எங்க இருக்காரு அந்த ஆளு?"

"வருவாரு. ஒன்பதரைக்கு வருவாரு."

"பச்சைப் பிள்ளைங்க பசியில நிக்குது, நீ வராத ஆளுக்கு மேசையைக் காவல் காக்கற. மனுஷியா நீ?"

"சுவரோரம் ஒரு மேசை இப்ப காலியாகுது, அதுல உக்காருங்க. முதல் தட்டு உங்களுக்குத்தான் தர்றேன்."

"நான் எழுந்திருக்க முடியாதுன்னா?"

லவான் வளைந்து கொடுக்கவில்லை. நின்ற இடத்தில் நின்றாள். ஆர்வின் உள்ளே வந்து, தன் இடத்தில் வேறு ஆளைக் கண்டால், எங்கே உட்காருவது என்று தெரியாமல் எல்லோர் முன்னாலும் திருதிருவென்று நிற்பாரே என்பதுதான் அவள் கவலை. ஊரே பார்த்துவிடும். அதற்காகத்தான் அந்தத் தாயோடு மல்லுக்கு நின்றாள். கடைசியில் ஹெதர் வைதுகொண்டே எழுந்தாள். பிள்ளைகளை ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டு சுவரோரம் போனாள். சின்னவள் கண்ணாடியை விட்டு வரமாட்டேன் என்று அழுதாள். அண்ணன்காரன் அவளைத் தூக்கிக்கொண்டு போனான்.

லவான் பலகையை நேராக வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பிக்கப் வண்டி சிக்னலைத் தாண்டி ஏற்கெனவே கட்டத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது.

"ஆர்வின்!" என்று பழக்கத்தில் சமையலறைக்குக் கூவினாள். அதன் பிறகுதான் கூம்பு நினைவுக்கு வந்தது. வாசலுக்கு ஓடினாள். கதவருகே பதினைந்து பேர் நின்றார்கள். "விடுங்க, வழி விடுங்க" என்று கத்தினாள். எப்போதும் காலியாக இருக்கிற இடத்தில் ஏதோ ஆரஞ்சு நிறத்தில் நிற்பதை ஆர்வின் பார்ப்பது அவளுக்குக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவர் முகம் குழம்பியது. பிரேக் மேல் போகவேண்டிய கால் ஆக்சிலரேட்டர் மேல் போனது. கூம்பு சக்கரத்துக்கு அடியில் போயிற்று. வண்டி உறுமிக்கொண்டு நடைபாதை ஏறியது.

சத்தம் ஓய்ந்தபோது ஜன்னல் இல்லை. ஜன்னலோர மேசை கடையின் நடுவில் இரண்டாகக் கிடந்தது. வண்டியின் மூக்கு அந்த இருக்கைகள் இருந்த இடத்தில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் எல்லோரும் ஒன்றாக அலறினார்கள். கண்ணாடிச் சிதறலில் இரண்டு பேருக்குக் கையில் கீறல். வேறு ஒன்றும் இல்லை. உடைந்த சில்லுகளுக்கு நடுவே ஒரு பச்சை வண்ணக் குச்சி முழுசாகக் கிடந்தது.

ஆர்வின் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். நெற்றியில் ஒரு கோடு ரத்தம். சில்லுகளை மிதித்துக்கொண்டு நடந்து, கல்லுக்கு எதிரே உள்ள நீளமேசையில் ஓர் உயர ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார். துணியை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார்.

"இன்னிக்கு நல்ல கூட்டம் போல" என்றார் லவானைப் பார்த்து.

போலீஸ் வந்தது. தினமும் அங்கே சாப்பிடுகிற அதே போலீஸ்காரர்தான். அதற்குள் ஹெதர் லவானை இறுகக் கட்டிக்கொண்டிருந்தாள். "என்னென்னமோ பேசிட்டேன். நீங்க எழுப்பலேன்னா என் பிள்ளைங்க மூணும்... கடவுள்தான் உங்களை அனுப்பினாரு" என்று அழுதாள். லவானின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு விடவே இல்லை. ஸ்டாவ்ரோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ இல்லேன்னா இன்னிக்கு இங்க பிணம் விழுந்திருக்கும். தெய்வம்யா இவ" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னான். சிலர் கைதட்டினார்கள்.

போலீஸ்காரர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். "லவான், நீதான் அவரை தினமும் பார்க்கற. சமீபத்துல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சதா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதோடு முடிந்துவிடும். வயசான மனிதர், கால் தவறிவிட்டது, லவான் காப்பாற்றினாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் அந்தச் சின்னப்பெண் அண்ணன் இடுப்பில் உட்கார்ந்து விரல் சூப்பிக்கொண்டிருந்தாள். அவள் போட்டிருந்த சட்டை நீலம். காலையிலிருந்து லவான் அதைக் கவனிக்கவே இல்லை.

"அக்டோபர்லேர்ந்து எனக்குத் தெரியும்" என்றாள் லவான்.

"என்ன தெரியும்?"

"அவருக்கு நெனவு போயிட்டு இருக்குன்னு தெரியும். வண்டியில எதையோ இடிச்சது தெரியும். அவரு பொண்ணு கேட்டப்போ மறைச்சேன். அந்த இடத்துல வண்டியை நிறுத்த வெச்சதும் நான்தான்."

ஹெதர் புரியாமல் அவளைப் பார்த்தாள். அப்புறம் தன் கைகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு, பிள்ளைகள் பக்கம் போய்விட்டாள்.

லவான் நீளமேசைக்குப் பின்னால் போனாள். வண்டி இடிப்பதற்கு முன்னால் அவள் கூவிய பெயருக்கு ஸ்டாவ்ரோஸ் போட்ட தட்டு, சமையலறை ஜன்னலில் ஆறிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவந்து ஆர்வின் முன்னால் வைத்தாள். அவர் முள்கரண்டியை எடுத்தார். அவள் கையை நீட்டி, மேசைமேல் அவர் வைத்திருந்த சாவிக்கொத்தை எடுத்துத் தன் முன்கச்சைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஆர்வின் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.